தீவுக்கு அவசரமாகப் போக வேண்டாம்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் செலாயாங், பத்துமலை, ரவாங் பக்கத்துக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி விளம்பரங்கள் வலம் வருகின்றன. மூன்று பகல், இரண்டு இரவு. போட், அறை, சாப்பாடு, ஸ்நோர்க்கலிங் எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு. கொஞ்சம் கூடக் கொடுத்தால் டைவிங்கும் உண்டு. வெள்ளிக்கு மட்டும் விடுப்பு எடுத்து, வியாழக்கிழமை வேலை முடிந்ததும் காரை எடுத்து இரவு முழுக்க ஓட்டினால் விடியும்போது ஜெட்டியில் நிற்கலாம். ஞாயிறு காலை கடைசியாக ஒருமுறை கடலில் இறங்கிவிட்டுக் கிளம்பினால் திங்கட்கிழமை வேலைக்கும் போய்விடலாம்.

விடுப்பு குறைவு, செலவு அதிகம், பிள்ளைகளின் ஆசை பெரிது. அதனால் இப்படிக் கணக்குப் போடுகிறவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கடல் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. ஆற அமரப் போய்வருவதை வசதியுள்ளவர்களின் சொகுசு என்று நினைக்கிறோம். சிறிய தீவுக்குப் போகும்போது அதுதான் முதல் பாதுகாப்பு. பருவம், போட், நம் உடம்பு, கடலடியில் இருக்கும் பவளம் ஆகிய நான்கும் நிதானத்தையே கேட்கின்றன. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தத் தீவு?

தீவு என்றால் நம்மவர்களுக்கு லங்காவியும் பாங்கோரும்தான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்தபடியாக ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான். திரெங்கானு கரையோரத்தில் இவற்றைவிடப் பெயர் குறைவாக அடிபடும் தீவுகள் உண்டு. காப்பாஸ், தெங்கோல் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ‘டைவிங் தீவு’ என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் இரண்டும் ஒன்றல்ல.

காப்பாஸ் மாராங் கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர். போட்டில் கால் மணி நேரம்தான். தீவில் கார் ஓடாது. சில விடுதிகளும் கடற்கரைகளை இணைக்கும் நடைபாதைகளும் இருக்கின்றன. கரையை ஒட்டி ஆழமில்லாத நீரிலேயே பவளம் தொடங்கிவிடுவதால் முதன்முதலாக மாஸ்க் அணிகிறவர்களுக்கும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் இது பொருத்தமான இடம்.

தெங்கோல் டுங்குனுக்கு நேரே, கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அங்கே பாறைகள் நீருக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. ஆழம் அதிகம், நீரோட்டமும் பலம். திமிங்கலச் சுறா கண்ணில் படுவதும் உண்டு என்பதால் பயிற்சி பெற்ற டைவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். புதிதாகக் கற்கிறவர் முதலில் போக வேண்டிய இடம் காப்பாஸ். தெங்கோல் அதற்குப் பிறகு. பேக்கேஜ் விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

செலாயாங்கிலிருந்து மாராங் 400 கிலோமீட்டருக்கு மேல். கோம்பாக் டோலைக் கடந்து மலையேறி இறங்கி, காராக்கில் கிழக்குக் கரை நெடுஞ்சாலையைப் பிடித்தால், நல்ல சாலைதான் என்றாலும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. தூக்கமில்லாத உடம்புக்குப் போட்டில் குமட்டல் எளிதில் வரும். களைத்த மனம் எச்சரிக்கைகளைக் காதில் வாங்காது. முந்தைய நாள் பகலிலேயே கிளம்பி, டுங்குனிலோ மாராங்கிலோ ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை போட் ஏறுவது நல்லது. ஓர் அறை வாடகை கூடும். ஆனால் முதல் நாள் முழுவதும் வீணாகாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அங்கே வேலை நாள். உள்ளூர்க் கூட்டமும் கோலாலம்பூர்க் கூட்டமும் சனிக்கிழமையில்தான் ஒன்றாகச் சேர்கின்றன. ஞாயிறு போய்ப் புதன் திரும்புகிறவர்களுக்கு அதே கடல், அதே அறை, பாதிக் கூட்டம்.

எந்த மாதம்?

வடகிழக்குப் பருவக்காற்று ஏறத்தாழ நவம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்கள் வரை தென்சீனக் கடலிலிருந்து நேராகக் கிழக்குக் கரையில் மோதுகிறது. தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடப்படும், போட்கள் நின்றுவிடும். மார்ச் முதல் அக்டோபர் வரைதான் பருவம். நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் இருப்பதால் செலாயாங்கில் வெயில் அடிக்கும் நாளில் மாராங்கில் கடல் கொந்தளிக்கலாம். நம் வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவு செய்வது தவறு. மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கைகளைத் தனியாக வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முன்பும், தீவிலிருந்து திரும்பும் நாளுக்கு முந்தைய மாலையும் அதைப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

பருவத்தின் இரு ஓரங்களிலும், அதாவது மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் கடைசியிலும், விலை குறையும். கடலும் அப்போது சட்டென மனம் மாறும். காற்று எழுந்தால் ஒரு நாள், இரண்டு நாள் போட் வராமல் போகலாம். நாளை வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றிருப்பவர்தான் “எப்படியாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்று போட்காரரை நெருக்குவார். கையில் ஒரு நாள் மிச்சம் வைத்திருப்பவர் காத்திருப்பார். ஒரு நாள் கூடுதல் விடுப்பின் பயன் அதுதான்.

போட்டில் ஏறும்போது

2025 ஜூன் மாதக் கடைசியில் பெர்ஹெந்தியானில் இரவு நேரத்தில் ஒரு போட் கவிழ்ந்து, இரண்டு பிள்ளைகள் உட்பட மூவர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தி நம் வீடுகளில் பல நாள் பேசப்பட்டது. பேச்சோடு நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே இங்கே எழுதுகிறோம்.

சிறிய தீவில் போட்தான் பஸ், டாக்சி, ஆம்புலன்ஸ் எல்லாம். அதில் ஏறும் ஒவ்வொரு முறையும், ஐந்து நிமிடப் பயணமாக இருந்தாலும், லைஃப் ஜாக்கெட் அணிந்து கொக்கியை மாட்டியிருக்க வேண்டும். இருக்கைக்கடியில் கிடக்கும் லைஃப் ஜாக்கெட் கவிழும் நேரத்தில் உதவாது. பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவில் வேண்டும். பெரியவர்களுடையதை மாட்டினால் நீரில் விழுந்ததும் அது தலைக்கு மேல் உருவிக்கொள்ளும். சிறிய அளவு இருக்கிறதா என்று முன்பணம் கட்டும்போதே கேட்கலாம். இல்லையென்றால் வீட்டிலிருந்தே வாங்கிப் போகலாம். சாப்பிடுவதற்காக வேறு கடற்கரைக்கு இரவில் போட்டில் போவதைத் தவிர்த்துவிடுங்கள். ஆள் கூடுதலாக ஏற்றினால் இறங்கி அடுத்த போட்டுக்கு நில்லுங்கள். இதைச் சொல்வதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. காசு கொடுத்தவர் நீங்கள், உயிரும் உங்களுடையது.

கடலுக்குள் உடம்பு

டைவிங் வெள்ளைக்காரர்களின் விளையாட்டு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கொற்கை, தூத்துக்குடி, மன்னார் கரைகளில் முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி மூழ்கியவர்கள் நம் மக்கள்தான். காற்றுச் சிலிண்டரோடு மூழ்கும் முறை பிறகு வந்தது. பிரான்சில் ஜாக் குஸ்தோவும் எமில் கன்யானும் 1943இல் அதற்கான கருவியை உருவாக்கினார்கள். இரண்டு முறைகளுக்கும் அடிப்படை விதியே வேறு. முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்க வேண்டும். சிலிண்டரோடு போகிறவர் ஒருபோதும் அடக்கக்கூடாது.

காரணம் அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் மேலிருக்கும் நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுகிறது. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கியிருந்தால் அது விரிய இடமின்றி நுரையீரலைக் கிழித்துவிடும். சீராக மூச்சு விட்டுக்கொண்டே மெதுவாக மேலேறினால் ஆபத்தில்லை. காதும் இப்படித்தான். இறங்க இறங்கச் செவிப்பறை உள்ளே தள்ளப்படும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி இரு பக்கமும் சமப்படுத்த வேண்டும். சளி பிடித்திருந்தால் இது நடக்காது. பணம் கட்டியாகிவிட்டதே என்று அன்றைக்கு இறங்கினால் காதுதான் பாதிக்கப்படும்.

மூன்றாவது விஷயம் நைட்ரஜன். அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். விரைந்து வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிறது. சோடா பாட்டிலை மெல்லத் திறப்பதற்கும் சட்டெனத் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மூட்டுவலி, மரத்துப்போதல், மோசமானால் பக்கவாதம் வரை போகும். ஆகவேதான் டைவர்கள் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வெளியே வருகிறார்கள். இந்த நோய்க்குச் சிகிச்சை அழுத்த அறையில்தான். அத்தகைய வசதியுள்ள லூமுட் இராணுவ மருத்துவமனை பேராக்கில், நாட்டின் மறுகரையில் இருக்கிறது.

கரைக்கு வந்த பிறகும் நைட்ரஜன் முழுவதும் போய்விடாது. பலமுறை டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொது வழிகாட்டுதல். விமானத்தில் வந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தருவார்கள். காரில் வந்த நமக்குப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஆனால் உயரம் என்பது விமானத்தில் மட்டும் வருவதல்ல. டைவிங் கணக்கில் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் போனாலே உயரம்தான். நாம் திரும்பும் காராக் சாலை கெந்திங் செம்பாவில் அதைவிட உயரத்தில் மலையைக் கடக்கிறது. வழியில்தானே இருக்கிறது, பிள்ளைகளைக் கெந்திங் மலைக்கும் கூட்டிப்போகலாம் என்று திருப்பினால் 1,700 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். காலையில் டைவ், மாலையில் கெந்திங் என்ற திட்டம் கூடவே கூடாது. கடைசி நாளை டைவ் இல்லாத நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நடங்கள், தூங்குங்கள், மறுநாள் ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

பயிற்சியைப் பற்றி ஒரு தெளிவு. விளம்பரத்தில் வரும் ‘அறிமுக டைவ்’ பயிற்றுநர் பக்கத்திலேயே இருக்க, 12 மீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் நடக்கும் முதல் அனுபவம். அதனால் சான்றிதழ் கிடைக்காது. ‘ஓப்பன் வாட்டர்’ என்பது முழுப் பயிற்சி: பாடம், நீச்சல் குளப் பயிற்சி, கடலில் நான்கு டைவ். முடித்த பெரியவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். 10 வயதிலிருந்தே சேரலாம். அதற்கு ஓரளவு நீச்சல் தெரிய வேண்டும்: 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும். பாடத்தையும் குளப் பயிற்சியையும் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே சில வார இறுதிகளில் முடித்துவிட்டு, கடல் டைவ்களை மட்டும் தீவில் செய்யலாம். தீவில் எல்லாவற்றையும் மூன்று நாளில் அடைப்பதைவிட இது மேல்.

சேரும்போது ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். கடைசி இரண்டும் நம் குடும்பங்களில் சாதாரணமாகக் காணப்படுபவை. அவை இருந்தாலே டைவ் முடியாது என்று பொருளில்லை. மருத்துவரைப் பார்த்துக் கடிதம் வாங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். ஜெட்டியில் நின்றுகொண்டு அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் போடுவதுதான் ஆபத்து.

யாருடைய கடல்?

தீவின் நிலம் மாநில அரசின் கையில். அதைச் சுற்றியுள்ள கடல் பூங்கா கூட்டரசின் கையில். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் 1994இல் தீபகற்பக் கரையோரத் தீவுகள் பலவற்றைச் சுற்றியுள்ள கடல், பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பெரும்பாலான தீவுகளைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை மீன் பிடிக்கவோ பவளத்தையும் சிப்பியையும் எடுக்கவோ கூடாது. ஜெட்டியில் நாம் கட்டும் சிறு கட்டணம் இந்தப் பாதுகாப்புக்கானது. விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது, காட்டை வெட்டலாமா என்பதெல்லாம் நிலத்துக் கேள்விகள். அவை கடல் அதிகாரிகளின் கையில் இல்லை. ஆனால் நிலத்தில் கொட்டுவது கடலுக்குத்தான் வருகிறது. இந்தப் பிளவை அறிந்தால் விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பது விளங்கும்: கழிவுநீரைச் சுத்திகரிக்கிறீர்களா, குப்பையைக் கரைக்குக் கொண்டுபோகிறீர்களா?

கடலுக்கடியில் நாம் பார்க்கப் போவது கல்லல்ல, உயிர். பவளம் என்பது மிகச் சிறிய உயிரினங்களின் கூட்டம். அவற்றின் தசைக்குள் வாழும் நுண்பாசி ஒளியிலிருந்து உணவு தயாரித்துத் தருகிறது, நிறத்தையும் தருகிறது. கடல் நீர் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் அந்தப் பாசியைப் பவளம் வெளியே தள்ளி வெளுத்துப்போகிறது. நீர் குளிர்ந்தால் மீளும், இல்லையேல் பட்டினியால் சாகும். உலகளவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரும் வெளுப்பு நேர்ந்தது. 2024இல் மீண்டும் உலகு தழுவிய வெளுப்பு உறுதிசெய்யப்பட்டது. 2010இல் தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் சில டைவிங் இடங்களையே மலேசிய அரசு சில மாதங்கள் மூடி வைத்தது.

கடல் சூடாவதை ஒரு சுற்றுலாப் பயணியால் தடுக்க முடியாது. ஆனால் வெளுத்து மீண்டுகொண்டிருக்கும் பவளத்தின் மேல் நின்று அதை உடைக்காமல் இருக்க முடியும். யார் நிற்கிறார்கள்? பெரும்பாலும் மிதக்கத் தெரியாதவர்கள். பயத்தில் கால் எதையாவது தேடுகிறது, கிடைப்பது பவளம். பாறைபோல் உருண்டிருக்கும் வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. ஒரு மிதி பல ஆண்டு வளர்ச்சியை அழித்துவிடும். போட்டில் இருபது பேரை அரை மணி நேரத்துக்கு ஓரிடம் என்று இறக்கி ஏற்றும்போது இது தவிர்க்க முடியாததாகிறது. முதல் நாள் மணல் தரையுள்ள ஆழமில்லாத இடத்தில் மாஸ்க்கோடு மிதந்து பழகிவிட்டு, அடுத்த நாள் பவளத்தருகே போகிறவர் தன்னையும் காக்கிறார், பவளத்தையும் காக்கிறார். முட்டையைக் காக்கும் பருவத்தில் பெரிய கிளாத்தி மீன் கூட்டை நெருங்குகிறவரை விரட்டிக் கடிக்கும் என்பது போன்றவையும் நிதானமாக விளக்கம் கேட்பவருக்கே தெரியவரும். அப்போது மேல்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். அதன் எல்லை மேலே போகப் போக அகலமாகிறது.

எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவாக அலைத் தடுப்பு போனதில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. இன்னொரு சாட்சி நாம் காரில் கடக்கும் வழியிலேயே இருக்கிறது. டுங்குனுக்கும் மாராங்குக்கும் இடையிலுள்ள ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு 1950களில் ஆயிரக்கணக்கில் பெருந்தோல் ஆமைகள் முட்டையிட வந்தன. இன்று அவை வருவது அறவே அரிதாகிவிட்டது. மீன்வலைகளும் பல பத்தாண்டு முட்டை வியாபாரமும் முக்கியக் காரணங்கள். எல்லா ஆமைகளின் முட்டை விற்பனையையும் திரெங்கானு அரசு 2022இல் முழுவதுமாகத் தடை செய்தது. இன்னும் வரும் பச்சை ஆமைகளுக்கு இரவில் டார்ச் அடிக்காமலும் ஃபிளாஷ் போட்டுப் படம் பிடிக்காமலும் இருப்பது நம் பங்கு.

நிதானத்தையே விதியாக்கிய தீவு

கரீபியன் கடலில் வெனிசுவேலாவுக்கு வடக்கே போனேர் என்ற சிறிய டச்சுத் தீவு உண்டு. சுற்றுலா உலகில் பெரிதாகப் பேசப்படாத அந்தத் தீவு டைவர்களிடையே மட்டும் நன்கு அறியப்பட்டது. 1979இலேயே தன்னைச் சுற்றியுள்ள கடலை, கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, பூங்காவாக அறிவித்தது. போட்கள் பவளத்தின் மேல் நங்கூரம் போட முடியாது. நிலையான மிதவைகளில்தான் கட்ட வேண்டும். டைவர் ஒவ்வொருவரும் கட்டணம் செலுத்தி, விதிகளைக் கேட்டறிந்து, முதல் டைவைக் கரையோரத்திலேயே செய்துகாட்ட வேண்டும். தன்னை நீருக்குள் அடக்கிக்கொள்ளத் தெரியும் என்று நிரூபித்த பிறகுதான் மற்ற இடங்கள். அதன்பின் போட்டுக்குக் காத்திராமல் கரையிலிருந்தே, தனக்கு வசதியான நேரத்தில் நடந்து இறங்கலாம்.

அங்கே அவசரத்தை விதியே தடுக்கிறது. நம் தீவுகளிலும் ஸ்நோர்க்கலிங் போட் கிளம்பும் முன் அரை மணி நேரம் கரையில் மிதக்கச் சொல்லிக்கொடுப்பதைக் கட்டாயமாக்கலாம். இரவுப் போட் பயணத்துக்கும் பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட்டுக்கும் கண்டிப்பான விதி வேண்டும், அதைச் சோதிக்க ஜெட்டியில் ஆளும் வேண்டும். இதை அதிகாரிகளிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அது வரும்வரை அந்த விதியை நம் குடும்பத்துக்கு நாமே போட்டுக்கொள்ளலாம்.

அதற்கு நாட்காட்டியே வழிகாட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தீவுகள் மூடியிருக்கும். அந்த நான்கு மாதமும் நீச்சல் குளத்துக்கானவை. அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போங்கள். நம் பெண்களில் பலர் நீரில் இறங்கவே பழக்கப்படாதவர்கள் என்பதால் அவர்களுக்கு முதலிடம் கொடுங்கள். வேகமாக நீந்த வேண்டாம், பத்து நிமிடம் பயமின்றி மிதந்தால் போதும். டைவிங் விருப்பமுள்ளவர்கள் குளப் பயிற்சியையும் அதே மாதங்களில் முடிக்கலாம். பிறகு ஏப்ரலுக்கோ மே மாதத்துக்கோ ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுங்கள். ஆண்டுக்கு இருமுறை அரக்கப்பரக்கப் போவதற்குப் பதில் ஒருமுறை முழுதாகப் போனால் செலவும் ஏறத்தாழ அதேதான் வரும். மூன்று பகல், இரண்டு இரவு என்று விளம்பரம் வந்தால், “இன்னும் இரண்டு நாள் சேர்த்தால் எவ்வளவு?” என்று திருப்பிக் கேளுங்கள்.